நடுவர் கை தூக்கும் முன்

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முடிவு சொல்வதற்குள் அவர் தானாகவே எழுந்து ஓசூர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற செய்தியைக் கண்டக்டர் காதர்தான் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தார். அன்று வியாழக்கிழமை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தோளில் மாட்டியிருந்த டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் என் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"சார், நம்ம ஆளு அவுட்டுன்னு எழுந்து வந்துட்டாரு."

"யாரு அவுட் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அதத்தான சொல்றேன்."

வயிற்றில் ஒரு கட்டி. அதில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரிய ஒரு வாரம் ஆகும், நல்லதாக இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம், அதுவரை பேசாமல் படுத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் மறுநாள் காலையிலேயே வேட்டியை மாற்றிக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு, பஸ் ஏறிவிட்டார். மனைவி சரோஜம்மா காப்பி வாங்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் படுக்கை மடித்து வைத்திருக்கிறது.

சரோஜம்மா காதரிடம் எனக்குச் சொல்லியனுப்பியிருந்த வார்த்தை இது: "கிருஷ்ணகிரித் தம்பிய ஞாயித்துக்கெழம கட்டாயம் வரச் சொல்லுங்க. இவர யாராச்சும் திருப்பிக் கூட்டிக்கினு போவணும். நான் சொன்னா சிரிக்கிறாரு."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். போய் அவரிடம் என்ன பேசுவது என்று தெரிந்துகொள்ளத்தான். வரிசை வரவில்லை. எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றியபடி, தலையைச் சற்றே சாய்த்து, மைதானத்திலிருந்து அவர் வெளியே நடந்து வருகிறார். பின்னால் நடுவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கிருஷ்ணகிரியில் அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தார். வீட்டில் தெலுங்கு. பெங்களூரில் படித்ததால் கன்னடம். எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் வராது. சனிக்கிழமை மதியம் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் பெங்களூர் பஸ்ஸில் ஏறுவார். டாப்பில் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே அவருடைய நீளமான கித்தான் பையும் ஏறும். அங்கே ஒரு கிளப்புக்கு ஆடினார். திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, முழங்கையில் சிராய்ப்போடு பார்சல் ரசீது எழுதுவார். பெங்களூரில் ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் கிருஷ்ணகிரி அணிக்கு ஆடுவார். அந்த அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். அப்படித்தான் பழக்கம். வயதில் என்னைவிட மூத்தவர். நான் 'அண்ணே' என்பேன், அவர் 'தம்பி' என்பார்.

பெங்களூர் கிளப் வழியாக அந்த மாநில அணியில் அவரை ஐந்து ஆட்டங்களுக்கு எடுத்தார்கள். மூன்று பருவங்களில் ஐந்து. பெரிய ஆட்டக்காரர் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது தங்கையின் கல்யாணம் என்றால் நினைவுக்கு வருகிற பெயர். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ ஆட இறங்குவார். ஆனால் லேட் கட் என்று ஒரு அடி இருக்கிறதே, அதை அவர் ஆடிப் பார்க்க வேண்டும். பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது, இனி விக்கெட் கீப்பருக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில், ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே பேட்டை மேலிருந்து கீழாக இறக்கி, ஒரு தட்டுத் தட்டி விடுவார். பந்து கீப்பரின் இடுப்பை உரசிக்கொண்டு எல்லைக்குப் போகும். பந்துக்காக அவ்வளவு நேரம் காத்திருக்கத் தெரிந்த மனிதர், நடுவரின் கைக்காக மட்டும் ஒரு கணம்கூடக் காத்திருந்ததில்லை.

பேட்டில் பந்து பட்டு கீப்பர் பிடித்துவிட்டால் உடனே நடந்துவிடுவார். எதிரணி அவுட் கேட்டதா, நடுவர் பார்த்தாரா, எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. எங்கள் கேப்டன் கோவிந்தராஜுக்கு இது பொறுக்காது. அவர் அரிசி மில்காரர். எதையும் நிறுத்துப் பார்த்துப் பழகியவர்.

"யோவ், அம்பயரு எதுக்கு நிக்கிறாரு? வெயில் காயவா?"

"சத்தம் கேட்டுச்சு," என்பார் இவர். அவ்வளவுதான் பதில்.

"உனக்குக் கேட்டுச்சு. அவருக்குக் கேட்டுச்சா?"

"எனக்குக் கேட்டுச்சே."

"உன் காத அடகு வெச்சாத்தான்யா நம்ம டீமு ஜெயிக்கும்."

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு இருக்காது. நடுவர் கையைத் தூக்கிய பிறகும் நகராமல், பேட்டைப் பார்த்து, ஆகாயத்தைப் பார்த்து, நின்றுகொண்டே இருக்கிற ஆட்டக்காரர்கள் உண்டு. அப்படி ஒருவனை எங்கள் அணியிலேயே அவர் கடிந்துகொண்டதைக் கேட்டிருக்கிறேன். "கை தூக்கினப்பறம் நிக்கிறவன்கூட ஆடவே கூடாதுப்பா. அது இன்னொருத்தன் வீட்ல போயி உக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டேங்கிற மாதிரி."

மைதானத்தில் மட்டும் இப்படி என்றால் அதை ஒரு நல்ல குணம் என்று சொல்லி விட்டிருப்பேன். பஸ் ஆபீசிலும் அப்படித்தான். ஒருமுறை பெங்களூருக்குப் போக வேண்டிய மாங்கூடை ஒன்று சேலம் பஸ்ஸில் ஏறி, மூன்று நாள் ஊர் சுற்றி, அழுகித் திரும்பி வந்தது. முதலாளி உள்ளேயிருந்து "யார்யா இது?" என்று குரல் கொடுத்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இவர் எழுந்து நின்றார். "நான்தாங்க. பாக்காம விட்டுட்டேன்."

கூடையை மாற்றி ஏற்றியது காதர். மறைக்கவும் இல்லை. அன்று மாலை டீக்கடையில் என் எதிரிலேயே கேட்டார்: "ஏன் சார், நான் ஏத்தினதுக்கு நீங்க எதுக்குத் தலைய நீட்றீங்க? முதலாளி விசாரிச்சா நானே சொல்லியிருப்பேன்ல?"

"டாப்புல கூடயத் தூக்கற சத்தம் கேட்டுச்சு காதர். எழுந்து வந்து பாத்திருக்கணும். பாக்கல."

"சத்தம் கேட்டதெல்லாம் உங்க தப்பா சார்?"

முதலாளிக்கு மட்டும் ஒரு வசதி ஏற்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் புகார் வந்தாலும் முதலில் இவர் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்.

சரோஜம்மா ஒருமுறை சொன்ன கதை இன்னும் பழையது. இவர் சரோஜம்மாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோது சரோஜம்மாவின் அப்பா, யோசித்து நாலு நாளில் சொல்லியனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். உடனே சரி என்றால் பெண் வீட்டுக்கு மதிப்பில்லை. இரண்டாம் நாளே இவர் ஆள் அனுப்பிவிட்டார்: 'பரவாயில்லை, உங்களுக்கு மனமில்லை என்று தெரிகிறது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.'

"எங்கப்பா திண்டாடிப் போயிட்டாரு தம்பி. 'நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?'ங்கிறாரு. நான் எங்கண்ணன அனுப்பி, கையோட இழுத்துக்கினு வரச் சொன்னேன். வந்து தல குனிஞ்சிக்கினு நிக்கிறாரு இந்த மனுசன். 'ஏமண்டி, உங்களுக்கு யாரு சொன்னாங்க மாட்டேன்னு?'ன்னு நானே கேட்டேன். பொம்பளப் புள்ள அப்பிடிக் கேக்கலாமான்னு ஊரே பேசுச்சு." சொல்லும்போது அவர் கண்ணில் சிரிப்பு. இவர் எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார், காது சிவந்து.

நடந்து போனவரைத் திரும்பக் கூப்பிட்டு நிறுத்திய ஒரே ஆள் சரோஜம்மா என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐந்தாவது ஆட்டம் பெங்களூரில் நடந்தது. கடைசி நாளன்று கோவிந்தராஜ், நான், லீவு போட்டுவிட்டு வந்த காதர் மூவரும் போயிருந்தோம். வேலி ஓரம் ஒரு வேப்பமரத்தடியில் இடம் கிடைத்தது. மாநில அணிக்கு இன்னும் இருபது ஓட்டங்களுக்குள்தான் தேவை. கையில் இரண்டு விக்கெட். ஆனால் ஓட்டம் எடுக்கத் தெரிந்தவர் அப்போது இவர் ஒருவர்தான். அரை மணி நேரமாக அசையாமல் நின்று ஆடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டத்தை இவர் ஜெயித்துக் கொடுத்தால் அடுத்த பருவம் முழுவதும் அணியில் நிச்சயம் இடம் உண்டு என்று பக்கத்தில் இருந்தவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். காதர் அதை எனக்கு மொழிபெயர்த்தார், எனக்கும் கன்னடம் தெரியும் என்பதை மறந்து.

ஒரு பந்து வெளியே வந்தது. அவர் காத்திருந்தார். பேட் இறங்கியது. 'டிக்'கென்று ஒரு சத்தம் வேலிவரை கேட்டது. பந்து கீப்பர் கையில். கீப்பர் பாதி மனதோடுதான் கேட்டார். நடுவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நாங்கள் மூவரும் அதைத் தெளிவாகப் பார்த்தோம். ஆனால் அந்தத் தலை ஆடியபோது இவர் நடுவருக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். கையுறை ஒன்று கழன்றிருந்தது.

அடுத்து இறங்கிய கடைசி ஆளும் வந்த வேகத்தில் போனார். தோல்வி.

திரும்பி வரும்போது இவரும் எங்கள் பஸ்ஸிலேயே வந்தார். அத்திப்பள்ளி தாண்டியதும் கோவிந்தராஜ், யாரையும் பார்க்காமல், "இல்லன்னு தலைய ஆட்டினாரு," என்றார். இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். "கேட்டுச்சு கோவிந்தராஜ்," என்றார். குரலில் வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை. அடுத்த நாள் ஒரு பத்திரிகையில் அவரைப் பாராட்டி நாலு வரி வந்தது. டீக்கடைக்காரர் அதை வெட்டிக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார். பன்ரொட்டிக்கு மேலே அது மஞ்சளாகும் வரை இருந்தது.

அடுத்த பருவத்துக்கான பயிற்சிக்கு அவர் போகவில்லை. சனிக்கிழமை மதியம் பஸ் கிளம்பும். இவர் ரசீது எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று வாரம் கழித்து பெங்களூர் கிளப்பிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். "ஏன் சார் வரலை? லிஸ்ட் இன்னும் போடவே இல்லையே," என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார். என் பேரு இருக்காது."

"போடாத லிஸ்டுல இருக்காதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றார் இவர். வந்தவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, நல்ல மாம்பழமாக ஒரு கூடை தேர்ந்தெடுத்துக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். பட்டியல் வந்தபோது ஏழாவது இடத்தில் ஒரு புதுப் பையன் பெயர் இருந்தது. போயிருந்தால் இவர் பெயர் இருந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அப்போதே அவருக்கு முப்பத்து நாலு வயது. நியாயமாகப் பார்த்தால் இருந்திருக்காது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருடம்தான் ராஜ்யங்களைப் பிரித்து எல்லைகளைத் திருத்தினார்கள். ஓசூர் எந்தப் பக்கம் என்று பேச்சு நடந்தது. "கவலப்படாத, நீ எல்லக் கல்லு மேல நின்னு ரெண்டு பக்கமும் ஆடலாம்," என்று கோவிந்தராஜ் கிண்டல் செய்தார். எங்கள் அணியில் அவர் தொடர்ந்து ஆடினார். முன்னைவிட நன்றாகவே ஆடினார் என்று நினைக்கிறேன்.

இனி சொல்ல வேண்டியது அதன் பிறகு வந்த ஓர் ஆட்ட நாள் காலை.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. கெட்டி மண். அதன்மேல் தேங்காய்நார் மேட் விரித்து, இழுத்துக் கட்டி, ஓரம் முழுக்க இரும்பு ஆணி அடித்துத்தான் ஆடுவோம். அந்தக் காலத்தில் பெங்களூரிலும் பெரும்பாலும் அப்படித்தான். மேட்டின் முனை ஸ்டம்புக்குப் பக்கத்தில் முடியும். அங்கே ஆணிகள் நெருக்கமாக இருக்கும். அன்று நான் ஆணிகளை எடுத்துக் கொடுக்க, அவர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். ஊரை ஒட்டிய மலையின் நிழல் பாதி மைதானத்தில் இருந்தது. அவர் மறுமுனைக்குப் போயிருந்தபோது கோவிந்தராஜ் பேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டம்புக்கு முன்னால் நின்றார். எங்களைச் சிரிக்க வைப்பதற்காக இவர் மாதிரியே தலையைச் சாய்த்து, வராத பந்துக்காக வெகுநேரம் காத்திருந்து, லேட் கட் ஆடினார்.

'டிக்.'

அவர் மறுமுனையில் நிமிர்ந்தார். சுத்தியல் கையிலேயே இருந்தது.

"இன்னொரு வாட்டி ஆடு."

"இன்னா ஸ்டைலு, பாத்தியா?" என்று கோவிந்தராஜ் மறுபடி ஆடினார். பேட்டின் நுனி மேட் முனையில், நாருக்கு அடியில் இருந்த ஆணித் தலையில் பட்டது. 'டிக்.'

இவர் நடந்து வந்தார். பேட்டை வாங்கிக்கொண்டார். இவர் ஒருமுறை ஆடினார். ஆணியைத் தொட்டும் தொடாமலும் இன்னொரு முறை. மேட்டில் மற்ற இடங்களில் பட்டால் 'தொப்'பென்று வந்தது. ஆணித் தலையில் பட்டால் மட்டும் பந்து உரசுகிற அதே சத்தம். பேட் கைப்பிடியில் கைக்குத் தெரிகிற அதிர்வும் அதேதான் என்று பிறகு சொன்னார். கடைசியில், விரிக்காமல் சுருட்டிக் கிடந்த இன்னொரு மேட்டின்மேல் போய் உட்கார்ந்தார்.

"பந்தே இல்லையே தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "பந்தே இல்ல. சத்தம் வருது."

கோவிந்தராஜ், சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள், பெங்களூர் ஆட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டும் அவரே தண்ணீர் கொண்டுவந்து இவருக்குக் கொடுத்தார்.

"பெங்களூர்ல அந்த முனையில ஆணி எங்க அடிச்சிருந்தாங்க? பாத்தியா தம்பி?" என்று ஒரு வாரம் கழித்து இவர் என்னிடம் கேட்டார். வேப்பமரத்தடியிலிருந்து ஆணி எப்படித் தெரியும்? இல்லை என்றேன். அன்றைக்குப் பந்து பட்டதா, ஆணி பட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவராக ஒரே ஒருவர் இருந்தார். அவர் தலையை ஆட்டித்தான் சொன்னார். இவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்த திருப்பத்தூர் ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது. எங்கள் நடுவர் சூசை சார், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். அறுபதை நெருங்கியவர். ஒரு பந்து பேட்டை உரசினாற்போல் போய் கீப்பர் கையில் விழுந்தது. திருப்பத்தூர்க்காரர்கள் ஒரே குரலில் கேட்டார்கள். நான் வழக்கம்போல் ஸ்கோர் புத்தகத்தில் எழுதப் பென்சிலைத் தூக்கிவிட்டேன். இவர் நகரவில்லை. முதல்முறையாக, நிமிர்ந்து, நடுவரின் முகத்தைப் பார்த்து நின்றார்.

"நாட் அவுட்," என்றார் சூசை சார் உடனே.

திருப்பத்தூர் கேப்டனும் கையைத் தட்டிவிட்டு, "விடுப்பா, அவரே நிக்கிறாரு. பட்டிருந்தா இந்நேரம் வூட்டுக்கே போயிருப்பாரு," என்றார். மைதானமே சிரித்தது.

இவர் பிட்ச்சின் குறுக்கே நடந்து சூசை சாரிடம் போனார். எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்த எனக்கு அவர்கள் பேசியதைச் சூசை சார் அன்று மாலை அப்படியே சொன்னார்.

"சார், பட்டுதா பட்லயான்னு எனக்குத் தெரியல. அதனாலதான் நின்னேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

"நான் எங்க பந்தப் பாத்தேன்? உங்க முகத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீங்க நின்னீங்க, நாட் அவுட்டுன்னேன். இத்தன வருசமா அப்பிடித்தான?"

"இந்த ஒரு வாட்டி நீங்க சொல்லக்கூடாதா சார்?"

"உங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்பிடிய்யா தெரியும்?"

சூசை சார் அதை அன்பாகத்தான் சொன்னார். இவர் திரும்பிப் போய் இன்னும் இரண்டு பந்துகள் ஆடினார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். "உனக்கு எப்படித் தோணுதோ எழுது தம்பி," என்றார். 'ஓய்வு' என்று எழுதினேன். அதன் பிறகு அவர் ஆடவில்லை. ஆட்ட நாட்களில் காலையில் வந்து மேட் விரிப்பார். ஆணிகளைத் தலை தெரியாதபடி மண்ணுக்குள் இறங்கும்வரை அடிப்பார். ஆட்டம் தொடங்குமுன் போய்விடுவார். இது நடந்து மூன்றாம் வருடம் வயிற்று வலி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓசூர் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுக்குப் பின்னால், கேழ்வரகு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

"வாப்பா தம்பி. சரோஜா சொல்லியனுப்பிச்சாளா?"

சரோஜம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். "நீங்களே கேளுங்க தம்பி. டாக்டர் ஒரு வார்த்த சொல்லல. இவரு எழுந்து வந்துட்டாரு. கெட்ட கட்டின்னு இவருக்கு யாரு சொன்னாங்க?"

"தெரியுது சரோஜா. உள்ள தெரியுது."

"உங்களுக்கு எல்லாமே மொதல்லயே தெரியும். எங்கப்பா மாட்டேன்னு சொல்லப் போறாருன்னும்தான் தெரிஞ்சிது. அப்பறம் யார்கூட இத்தன வருசம் குடும்பம் நடத்தினீங்க?" அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வேற யார் இருக்காங்க ஏமண்டி? இன்னும் அஞ்சு நாளு. அந்தாளு வாயத் தொறந்து சொல்றவரைக்கும் உக்காந்திருக்கக் கூடாதா?"

இவர் சிரித்தார். சரோஜம்மா சொன்ன அந்தச் சிரிப்பு அதுதான். கோபமோ பயமோ இல்லாத, கதவைச் சாத்துகிற சிரிப்பு.

எனக்குப் பேச்சு சாமர்த்தியம் போதாது. பஸ்ஸில் தயாரித்துக்கொண்டு வந்தவை எதுவும் உதவவில்லை. மனதில் பட்ட ஒன்றைத்தான் சொன்னேன்.

"அண்ணே, பந்தே இல்லாமயும் சத்தம் வரும்னு நீங்கதான காட்டினீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. வைக்கோல் போரில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். சரோஜம்மாவுக்கு நான் சொன்னது புரியவில்லை. என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேட் ஆணி பற்றி இவர் வீட்டில் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தச் சட்டய எடுத்து வையி சரோஜா," என்றார் கடைசியில். "காலைல போலாம்."

மறுநாள் காலை பஸ்ஸில் காதர் அவருக்கு முன் சீட்டைக் காலி செய்து வைத்திருந்தார். நான் பெங்களூரில் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பி, முடிவு சொல்லும் வெள்ளிக்கிழமைக்கு மறுபடி போனேன். இடைப்பட்ட நாட்களைப் பற்றி சரோஜம்மா சொன்னார். சாயந்திரங்களில் ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு இருவரும் பக்கத்து மைதானம்வரை நடந்து போயிருக்கிறார்கள். கிளப் பையன்கள் ஆடுவதை அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக, எது என்ன அடி, எங்கே யார் நிற்க வேண்டும், ஏன் என்று சரோஜம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "நல்ல கட்டியா இருந்தா, அடுத்த சீசன் இந்தப் பசங்களுக்கு மேட் போட வரலாமான்னு கேக்கறாரு தம்பி. 'இருந்தா'ன்னு சொன்னாரு. அந்த வார்த்தய அவரு வாயில நான் கேட்டதே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரம். சுவரோரம் பெஞ்சு. டாக்டர் இளவயதுக்காரர், தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு நடையின் வேகத்தைக் குறைத்தார். நான் அதைக் கவனித்தேன். இவர் கவனித்திருக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. மனிதர்களின் நடையைப் பார்த்து அடுத்த பந்தைச் சொல்கிறவர்.

அவர் எழுந்தார். பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் திரும்பிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. திரும்பவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்க்காமல், டாக்டரின் முகத்தைப் பார்த்து நின்றார். சரோஜம்மா அவர் பக்கத்தில் நின்றார். டாக்டர் முதலில் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இவர் காத்திருந்தார். பிறகு டாக்டர் அவரைப் பார்த்து, கன்னடத்தில், மெதுவாகச் சொன்னார்.

சொல்லி முடித்துவிட்டு டாக்டர் உள்ளே போனார். தாழ்வாரத்தில் யாரோ வாளியோடு தரை கழுவிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் எங்கள் காலடிவரை வந்து சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் நகரவில்லை. டாக்டர் நின்ற இடத்தைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார், நடுவர் கை தூக்கிய பிறகும்.

கிளம்பலாம் என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை.